எண்ணூர் உப்பளக் கரையின் ரோஸ் பட்டாம்பூச்சி: அடையாளம் பிடித்த கதை, வளர்த்த கதை

அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, பழைய உப்பளங்கள் இருக்கிற பக்கம் போகும் மண் பாதையில் நடந்தால், மழை ஓய்ந்த தை மாத வெயிலில் முழங்கால் உயரத்தில் ஒரு பட்டாம்பூச்சி பறப்பதைப் பார்க்கலாம். இறக்கையை விரித்தால் நாலு சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும். வெளிறிய ரோஸ் நிறம், சுற்றிலும் கறுப்புக் கரை. புதருக்குப் புதர் தாவும், மேலே ஏறாது. பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகள் அதை ‘ரோஸ் பூச்சி’ என்கிறார்கள். அது எந்த இனம், எதை நம்பி அந்த உப்பு மண்ணில் வாழ்கிறது என்று கண்டுபிடிக்கப் போனதில் ஆரம்பித்து, முட்டையிலிருந்து வளர்த்துப் பார்த்தது, அதன் செடியை விதை போட்டு முளைக்க வைத்தது வரைக்கும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. ஷிஃப்ட் வேலைக்காரன். இரவு ஷிஃப்ட் முடிந்த காலை நேரம் மட்டும் கைவசம் இருக்கும். பட்டாம்பூச்சிக்கும் அதுதான் நல்ல நேரம்.

முதல் சிக்கல் படம் எடுப்பதில்தான். இது உட்கார்ந்தவுடன் இறக்கையை மூடிக்கொள்ளும். மூடினால் ரோஸ் போய்விடும். பச்சை கலந்த மஞ்சளில் ஒரு காய்ந்த இலை மாதிரி நிற்கும். பறக்கும்போது பார்த்ததும் உட்கார்ந்தபோது எடுத்த படமும் இரண்டு வேறு பூச்சி என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் வெயில் ஏறுவதற்கு முன்னால், எட்டரை மணியிலிருந்து ஒன்பதரைக்குள், உடம்பைச் சூடாக்கிக்கொள்ள இறக்கையைப் பாதி திறந்து வைத்து உட்காரும். அந்த நேரத்தில் பூச்சிக்கு மேற்குப் பக்கமாக நின்று குனிந்து போனால் நம் நிழல் நமக்குப் பின்னால் விழும், பூச்சி மேல் விழாது. நிழல் பட்டால் போதும், எழும்பிவிடும். போனில் பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாகப் படங்கள் எடுத்து, அதில் இறக்கை விரிந்த ஒன்றிரண்டைப் பொறுக்கிக்கொள்வேன். கிளிப் போட்டு மாட்டுகிற மேக்ரோ லென்ஸ் பறக்கிற பூச்சிக்கு உதவாது, அதற்கு ரொம்பக் கிட்டே போக வேண்டும். அது முட்டைக்கும் புழுவுக்கும்தான்.

வலை வீசிப் பிடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. இறக்கைச் செதில் உதிர்ந்த பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு எதை அடையாளம் பார்ப்பது? நாலு கோணத்தில் படம் இருந்தால் போதும்.

படம் கிடைத்ததும் முதலில் காலை எண்ணினேன். சிரிக்க வேண்டாம், குடும்பம் பிரிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. எருக்கஞ்செடியைச் சுற்றுகிற பிளெயின் டைகர், சிறுபூனைக்காலிக் கொடியில் வாழ்கிற டானி காஸ்டர் எல்லாம் நாலு காலில் நிற்கும். முன்னங்கால் இரண்டும் குறுகி மார்போடு ஒட்டிக்கிடக்கும். வெள்ளையன்கள், மஞ்சளன்கள் அடங்கிய பியரிடே குடும்பத்துக்கு ஆறு காலும் முழுசாக இருக்கும். என் படத்தில் ஆறும் தெளிவாகத் தெரிந்தது. டானி காஸ்டரும் ஆரஞ்சு நிறத்தில் கறுப்புக் கரை போட்டது, இதே பாதையில் நிறையப் பறக்கும். தூரத்தில் குழப்பம் வரலாம். ஆனால் அது சோம்பேறி, தொட்டுவிடலாம் போல மெதுவாக மிதக்கும். இது அப்படியில்லை, விறுவிறுவென்று தரையை ஒட்டியே போகும்.

பியரிடே என்று முடிவானதும் நிறத்தை வைத்துத் தேடினால் இரண்டே பெயர்தான் நிற்கிறது: ஸ்மால் சால்மன் அரபு, லார்ஜ் சால்மன் அரபு. முதலாவதன் அறிவியல் பெயர் கோலோட்டிஸ் அமாட்டா, இரண்டாவது கோலோட்டிஸ் ஃபாஸ்டா. அமாட்டாவுக்குப் பெயர் வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ், 1775இல். இந்தக் கோலோட்டிஸ் கூட்டத்தில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் வறண்ட நிலத்தில் வாழ்பவை. கொஞ்சம்தான் நம் பக்கம் வரைக்கும் நீண்டு, இலங்கையிலும் இருக்கிறது. ‘அரபு’ என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்தது அதனாலாக இருக்கலாம். இந்த ஊர்க் காற்றில் தண்ணீர் இருந்தாலும் உப்பளக் கரையின் மண்ணில் செடிக்கு எட்டுகிற நல்ல தண்ணீர் கிடையாது. பூச்சிக்கும் அதன் செடிக்கும் அது பாலைவனம்தான்.

போன் செயலியில் படத்தை ஏற்றினால் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறது. சின்னது, பெரியது என்று பெயர் இருந்தாலும் அளவை நம்ப முடியாது. புழுவாக இருந்தபோது சாப்பாடு குறைந்திருந்தால் பெரியதும் சின்னதாகத்தான் வரும். நான் பார்த்தது இவைகளை: கறுப்புக் கரை எவ்வளவு அகலம், அது பின்னிறக்கையில் தொடர்ந்து போகிறதா துண்டு துண்டாக இருக்கிறதா, இறக்கையின் அடிப்பகுதி உடம்பை ஒட்டிச் சாம்பல் தூவினது போல இருக்கிறதா. என்னுடையதில் கரை தடிப்பு. அந்தக் கறுப்புக்குள்ளேயே ரோஸ் புள்ளிகள் வரிசையாக. பின்னிறக்கையிலும் கறுப்பு ஒரே பட்டையாக ஓடியது. உடம்பை ஒட்டிச் சாம்பல் பூச்சு. இறக்கையை மூடினால் தெரிகிற அடிப்பக்கம் பச்சை மஞ்சள். எல்லாமே ஸ்மால் பக்கம்தான் சாய்ந்தன. லார்ஜ் சால்மன் அரபில் கரை மெலிந்து, பின்னிறக்கையின் ஓரத்தில் கறுப்பு புள்ளி புள்ளியாகப் பிரிந்து நிற்கும். அடிப்பக்கத்தில் அந்தப் பச்சை இருக்காது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்தக் கூட்டத்தில் மழைக்காலத்தில் வருபவை கறுப்பு கூடியும் கோடையில் வருபவை வெளுத்தும் இருக்கும், அதனால் கரை அகலத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்வது எனக்குத் திருப்தியாக இல்லை. அதற்கு மேல், அதே கரையில் அதே மாதிரிக் கறுப்புக் கரை போட்ட வெள்ளைப் பூச்சிகளும் பறந்தன. அவை பயனியர் என்கிற வேறு இனமா, இதே இனத்தின் பெண்ணா? பயனியராக இருந்தால் அடிப்பக்கத்தில் நரம்பெல்லாம் கறுப்புக் கோடு இழுத்தது போல எடுப்பாகத் தெரியும். என் படங்களில் நரம்பில் கறுப்பு இல்லை. ஸ்மால் சால்மன் அரபில் பெண்கள் சில ரோஸாகவும் சில வெள்ளையாகவும் வரும் என்று படித்திருந்தேன். படித்தது சரி, கண்ணால் பார்க்க வேண்டுமே.

ஆக, இறக்கையை விட்டுவிட்டுச் செடிக்கு வந்தேன். பட்டாம்பூச்சி எந்தப் பூவில் வேண்டுமானாலும் தேன் குடிக்கும். இந்த ரோஸ் பூச்சியைத் தாத்தாப்பூவில் தினமும் பார்க்கலாம். முட்டை மட்டும் குறிப்பிட்ட செடியைத் தவிர வேறெதிலும் வைக்காது. லார்ஜ் சால்மன் அரபு பூமிச்சர்க்கரைக் கொடியில் வைக்கும். ஸ்மால் சால்மன் அரபு உகா மரத்திலும் சங்கஞ்செடியிலும் வைக்கும். எது முட்டை வைக்கிறது, எங்கே வைக்கிறது என்று பார்த்துவிட்டால் சந்தேகம் பாதி தீர்ந்துவிடும்.

பெண் பூச்சியைப் பின்தொடர்வது ஒரு கலை. தேன் தேடும் பூச்சி பூவுக்குப் பூ போகும். முட்டை வைக்க வந்தது பூவைத் திரும்பியும் பார்க்காது. இலை இலையாகத் தொட்டுத் தொட்டுப் பறக்கும். முன்னங்காலால் இலையைத் தட்டி ருசி பார்க்கிறது, அவ்வளவுதான். ஒரு வெள்ளைப் பூச்சி அப்படித் தட்டிக்கொண்டே உப்பள வரப்பின் சரிவில் இருந்த ஒரு முள் புதருக்குள் நுழைந்தது. நானும் கையை நீட்டினேன். பக்கத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா குரல் கொடுத்தார்.

“தம்பி, கைய வுடாத. சங்க முள்ளு அது. குத்துச்சுனா ரெண்டு நாளைக்கு கடுக்கும்.”

“பூச்சி முட்டை தேடுறேன் பெரியம்மா.”

“முட்டயா? இதுல இன்னா முட்ட கீது?” என்று கிட்டே வந்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு கிளையை வளைத்துப் பிடித்தார். “இதோட எலய வேப்பெலயோட அரச்சி புள்ள பெத்தவளுக்குக் குடுப்போம். எங்க மாமியா எனுக்குக் குடுத்துச்சு. ஒரே கசப்பு. இப்போ யாரு கேக்குறாங்க, ஊசி போட்டுக்கறாங்க.”

அந்தக் கிளையில்தான் முதன்முதலாகச் சங்கஞ்செடியை ஒழுங்காகப் பார்த்தேன். இலை எதிரெதிராக இரண்டிரண்டாக, தடித்து, தோல் போல இருந்தது. இலையின் நுனியே ஒரு குட்டி முள்ளாகக் கூர்ந்திருந்தது. இலை புறப்படுகிற கணுவில் பச்சை முள்கள்: ஒரு பக்கத்துக்கு இரண்டு, இரண்டு பக்கமும் சேர்த்து நாலு, நாலு திசையைப் பார்த்து நேராக நீட்டிக்கொண்டு. இதன் அறிவியல் பெயர் அசிமா டெட்ராகாந்தா. அந்த டெட்ராகாந்தா இந்த நாலு முள்ளைத்தான் சொல்கிறது. புதரில் சில கிளைகளில் மிளகைவிடப் பெரிதாக வெள்ளைப் பழம் இருந்தது. பக்கத்துப் புதரில் பழமே இல்லை. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பழம் பெண்ணில் மட்டும். இது பின்னால் விதை சேர்க்கப் போனபோது உதவியது.

முட்டை கொழுந்து இலையில் இருந்தது. இந்தக் குடும்பத்துப் பட்டாம்பூச்சிகள் பெரும்பாலும் ஒவ்வொன்றாக முட்டை வைத்துவிட்டு நகரும். இதுவோ ஒரே இடத்தில் கூட்டமாக வைக்கிறது. மேக்ரோ லென்ஸ் வழியாகப் பார்த்தால் ஒவ்வொரு முட்டையும் நிமிர்ந்து நிற்கிற குட்டிப் புட்டி, அடியிலிருந்து உச்சி வரை மெல்லிய வரிகள். வெறும் கண்ணுக்கு இலையில் கோலமாவு சிந்தியது போலத்தான் தெரியும். பெரியம்மாவிடம் போனைக் காட்டினேன். “அய்ய, இத்தினியூண்டா” என்று விட்டு விறகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சங்கஞ்செடியும் உகா மரமும் ஒரே குடும்பம், சால்வடோரேசியே. உகாவின் குச்சிதான் மண்ணடிக் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கிற மிஸ்வாக். குச்சியை மென்றால் நாக்கில் ஏறுகிற அந்தக் கடுகுக் காரத்துக்கும் இந்தப் பட்டாம்பூச்சிக்கும் சம்பந்தம் உண்டு. கடுகு, முள்ளங்கி, ஆதொண்டை, பூமிச்சர்க்கரை, உகா, சங்கு எல்லாம் தாவரவியலில் ஒரே பெரிய வரிசையைச் சேர்ந்தவை. இலையைக் கடித்துச் சிதைத்தால் கடுகெண்ணெய் நஞ்சு உண்டாகும். மற்றப் பூச்சிகள் விலகிப் போகும். இந்தப் பியரிடே கூட்டத்தின் புழுக்களுக்கு மட்டும் அந்த நஞ்சு உருவாவதற்கு முன்பே குடலில் வேறு பக்கம் திருப்பி விடுகிற ஒரு புரதம் இருக்கிறது. அதனால்தான் முட்டைக்கோஸ் தோட்டத்தைக் காலி பண்ணுகிற வெள்ளைப் பூச்சியும், இந்த உப்பளத்து ரோஸ் பூச்சியும் சொந்தக்காரர்கள். எண்ணூரின் முள்ளுக்கும் சாம்பாரில் போடுகிற முள்ளங்கிக்கும் இப்படி ஒரு உறவு இருக்கும் என்று எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை.

அந்தக் கரை முழுக்க நடந்து தேடியதில் பூமிச்சர்க்கரைக் கொடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சங்கு மட்டும் திட்டுத்திட்டாக இருந்தது. ஸ்மால் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இறக்கையைவிட இது பெரிய காரணம்.

அப்புறம் செய்தது வரைபடம். பெரிய வேலை இல்லை. போனில் இடத்தைக் குறித்து, அந்த இடத்தில் என்ன செடி, தரை எப்படி, பூச்சி இருந்ததா என்று மூன்று வரி எழுதி வைத்தேன். எண்ணூர், காட்டுக்குப்பம், பக்கிங்காம் கால்வாய்க் கரை, ரயில் பாதை ஓரம், அத்திப்பட்டு உப்பளங்கள் என்று சேர்த்துக்கொண்டே போனதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற அந்தக் கழிமுகத்தில் தண்ணீர் விளிம்பில் கண்டல், அதாவது அலையாத்தி மரங்கள், நிற்கும். அடுத்து, கடல் ஏற்றத்தின்போது நனைந்து இறக்கத்தில் காய்கிற தட்டைச் சேற்றில் உமரி என்கிற உப்புநிலச் செடி. இந்த இரண்டிலும் ரோஸ் பூச்சி தங்குவதில்லை, கடந்து போகும், அவ்வளவுதான். உமரித் தரைக்கு மேலே, ஏற்றத் தண்ணீர் வராத, ஆனால் உப்புக் காற்று அடிக்கிற மணல் கலந்த மேடு ஒரு ஆள் அகலத்துக்கு இருக்கிறதே, வரப்போ பழைய கரையோ, அதுதான் சங்கின் இடம். அதைத் தாண்டினால் சீமைக் கருவேலம் காடாக நிற்கும், அதன் நிழலில் சங்கு நோஞ்சானாகிவிடும். ஆக இந்தப் பூச்சியின் வீடு என்பது சேற்றுக்கும் கருவேலத்துக்கும் நடுவில் ஓடுகிற ஒரு நாடா. எத்தனை ஏக்கர் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எத்தனை மீட்டர் நீளம் என்றுதான் கேட்க வேண்டும்.

வெயில் படுகிற கிழக்குச் சரிவு, பக்கத்தில் தாத்தாப்பூ மாதிரி ஏதாவது தேன் பூ, காற்றை மறைக்க ஒரு மேடு. இந்த மூன்றும் சங்கோடு சேர்ந்த இடத்தில் பூச்சி நிச்சயம் இருந்தது. சங்கு இருந்தும் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இலை வெளுத்துக்கிடந்த இடத்தில் பறக்கிற பூச்சியைப் பார்த்தேன், முட்டை பார்க்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்து கண்டல் தண்டெல்லாம் கறுத்துப் போனது இந்தப் பக்கத்துக்காரர் எல்லாருக்கும் தெரியும். மேட்டில் இருந்ததால் சங்குக்கு அந்த அடி படவில்லை. மேட்டுக்கு வருகிற அடி வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் ஒரு புலம்பல். 2019இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சி என்று அறிவித்தார்கள். நல்ல விஷயம்தான், அழகான பூச்சி. ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடச் சுவரில் அதை வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் அதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி பஸ் ஏற வேண்டும். சுவரிலிருந்து சைக்கிள் தூரத்தில் பறக்கிற ரோஸ் பூச்சியைப் பக்கத்தில் ஒரு ஓரமாகவாவது வரைந்திருக்கலாம்.

சரி, வளர்ப்புக்கு வருவோம். புழுவாக எடுத்து வராமல் முட்டையாக எடுத்து வந்தது யோசித்துத்தான். வெளியில் வளர்ந்த புழுக்களில் பல ஏற்கெனவே குளவி குத்தியவையாக இருக்கும். கொசுவைவிடச் சின்னக் குளவி அது. புழுவின் உடம்புக்குள் முட்டையைச் செலுத்திவிடும். புழு வழக்கம்போலத் தின்று வளரும், ஒருநாள் அசையாமல் நிற்கும், அதன் பக்கத்தில் அரிசி நொய் மாதிரி வெள்ளைக் கூடுகள் வந்துவிடும். உப்பளக் கரையிலேயே அப்படி நின்ற புழுக்களைப் பார்த்தேன். முட்டையை எடுத்தால் இந்த ஆபத்து குறைவு. முழுக் கூட்டத்தையும் எடுக்கவில்லை. ஒரு கிளை நுனியை மட்டும் வெட்டி, மற்றதை அங்கேயே விட்டேன்.

கூண்டு என்று ஒன்றும் வாங்கவில்லை. முட்டைக்குப் பிரியாணி பார்சல் வருகிற பிளாஸ்டிக் டப்பா, அடியில் டிஷ்யூ பேப்பர். மூடியில் ஓட்டை போட்டால் பொடிப் புழு தப்பித்துவிடும், காற்றுக்குத் தினம் ஒருமுறை திறந்து மூடினால் போதும். முட்டை முதலில் வெளிறி இருந்தது, அப்புறம் நிறம் மாறி, மூன்று நாலு நாளில் பொரித்துவிட்டது. பொரித்த புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டை. பிறகு எல்லாம் தோளோடு தோள் சேர்ந்து ஒரே இலையில் வரிசைகட்டி இலையின் பச்சையை மட்டும் சுரண்டித் தின்றன. பிரித்து வைத்தால் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடும். இந்தக் கூட்டுப் பழக்கம் பிற்பாடு குறைந்தாலும் கடைசி வரை முழுதாகப் போகவில்லை.

நாலு முறை தோல் உரிக்கும். இரண்டாவது உரிப்புக்குப் பிறகு டப்பா பத்தாது. தண்ணீர் பாட்டிலில் சங்குக் கிளைகளைச் சொருகி, பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக்கி அடைத்தேன். பஞ்சு வைக்காவிட்டால் புழு கிளை வழியாக இறங்கித் தண்ணீரில் விழுந்து சாகும். மேலே பழைய நைலான் கொசுவலைத் துண்டு. எறும்புக்குப் பாட்டிலை ஒரு தட்டுத் தண்ணீரில் வைத்துவிட்டேன். சங்குக் கிளையைக் கையாளுகிறபோது நகவெட்டியால் முள் நுனிகளை வெட்டிவிட்டால் நிம்மதி. இலை தடிப்பாக இருப்பதால் தண்ணீரில் சீக்கிரம் வாடாது, இது ஒரு சௌகரியம். ஆனால் பொடிப் புழுவுக்கு முற்றின இலை ஆகாது, கொழுந்துதான் வேண்டும். அதற்காகத்தான் இலை பறிக்க அடிக்கடி அத்திப்பட்டு போக வேண்டியிருந்தது. “வூட்டுக்குள்ள புழு வளக்கறான், இவன்கிட்ட இன்னா சொல்றது” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் நான் வேலைக்குப் போன நேரத்தில் தட்டில் தண்ணீர் ஊற்றியவரும் அவர்தான்.

வட சென்னையில் வளர்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாயங்காலம் கொசு மருந்துப் புகை அடித்துக்கொண்டு வண்டி வரும். சத்தம் கேட்டவுடன் ஜன்னலைச் சாத்திவிட்டு, கூண்டை உள்ளறைக்குக் கொண்டுபோக வேண்டும். கொசுவுக்கு அடிக்கிற மருந்துக்குப் பட்டாம்பூச்சிப் புழு எம்மாத்திரம்! பூந்தொட்டி வைத்திருக்கிற மாடிகளில் திடீரென்று புழுக்கள் செத்துக்கிடக்கும் காரணம் பல சமயம் இதுதான்.

புழு இலைப் பச்சை, உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய ரோமம். தொட்டால் அரிக்காது. முழு வளர்ச்சியில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு வாரம் சுமார் தின்று முடித்ததும் கிளையை விட்டு இறங்கி வலையிலும் பாட்டில் கழுத்திலும் இடம் தேடின. வால் நுனியைப் பட்டு நூலால் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு நூலைப் பெல்ட் மாதிரிக் கட்டி, தோலை உரித்துவிட்டுக் கூட்டுப்புழுவாக நின்றன. அந்த இடுப்பு நூல் பியரிடே குடும்பத்துக்கு இன்னொரு அடையாளம். எருக்குப் பூச்சி தலைகீழாக வாலில் மட்டும் தொங்கும். இலையோடு ஒட்டியவை பச்சையாகவும், வலையில் ஒட்டியவை பழுப்பு கலந்தும் இருந்தன.

ஒரு வாரம் போனபின் கூட்டின் வழியாகவே உள்ளிருக்கும் இறக்கை தெரிய ஆரம்பித்தது. கறுப்புக் கரையும் அதற்குள் புள்ளி வரிசையும், நகத்தளவு இடத்தில் முழு வடிவமும் மடங்கி இருந்தது. இப்படித் தெரிந்தால் மறுநாள் காலையில் வெளிவரும் என்று அர்த்தம். வெளியே வந்ததும் இறக்கை கசங்கின துணியாகத்தான் இருக்கும். ஏதாவதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு உடம்பிலிருந்து இறக்கை நரம்புகளுக்குள் நீரை அழுத்தி விரிக்கும். அந்த நேரத்தில் அசைக்கவே கூடாது. கீழே விழுந்தால் இறக்கை கோணிக் காய்ந்துவிடும், அப்புறம் பறக்க முடியாது. பிறகு ஒரு சொட்டு நிறக் கழிவை விடும். ரத்தம் என்று பயப்பட வேண்டாம்.

வந்தவற்றில் பெரும்பாலானவை ரோஸ். அவற்றோடு, அதே முட்டைக் கூட்டத்திலிருந்து, கறுப்புக் கரை போட்ட வெள்ளைப் பூச்சிகளும் வந்தன. அடிப்பக்கம் அதே பச்சை மஞ்சள், நரம்பில் கறுப்பு இல்லை. கரையில் பறந்த வெள்ளைகள் பயனியர் இல்லை, ரோஸ் பூச்சியின் பெண்களே என்று இதில் தீர்ந்தது. இறக்கை காய்ந்ததும் டப்பாவில் போட்டு ரயிலில் எடுத்துப் போய் முட்டை எடுத்த அதே வரப்பில் விட்டேன். வீட்டு மாடியில் விட்டிருக்கலாமே என்று கேட்டார்கள். எங்கள் தெருவில் சங்கு இல்லை, விட்டால் முட்டை வைக்க இடமில்லாமல் அலையும்.

அந்தக் குறையைச் சரி செய்யத்தான் செடி வளர்க்க ஆரம்பித்தேன். நர்சரியில் சங்கு கேட்டால் சங்கங்குப்பியை எடுத்துக் கொடுத்தார்கள். அதுவும் கடற்கரைச் செடிதான், வேலிக்கு நன்றாக இருக்கும், வெள்ளைப் பூவில் சிவப்பு இழை நீட்டிக்கொண்டு அழகாகவும் இருக்கும். ஆனால் அதில் முள் கிடையாது, இந்தப் புழு அதைத் தொடவும் தொடாது. கணுவில் நாலு முள்ளைப் பார்க்காமல் வாங்காதீர்கள். எனக்கு எந்த நர்சரியிலும் கிடைக்கவில்லை, விதைதான் வழி. பெண் புதரில் வெள்ளையாகப் பழுத்த பழங்களைப் பறித்து, மணலில் போட்டுத் தேய்த்துச் சதையைக் கழற்றி, நிழலில் உலர்த்தி, மணல் கூடுதலாகக் கலந்த மண்ணில் மேலாக ஊன்றினேன். உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. இந்தச் செடி உப்பைத் தாங்குமே தவிர உப்பைக் கேட்காது. நாற்று மெதுவாகத்தான் வளர்கிறது, முதல் மாதங்களில் மண்ணுக்கு மேல் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். பிள்ளைகள் ஓடுகிற பக்கம் வைக்க முடியாது, அதனால் எங்கள் குடியிருப்பின் பின்சுவர் ஓரமாக வெயில் படும் இடத்தில் நட்டேன். இரண்டு நாற்றைக் கால்வாய்க் கரையில் வைத்தேன். தெருவுக்கு ரோஸ் பூச்சி இதுவரை வரவில்லை. கரையிலிருந்து தெருவரைக்கும் நடுவில் ஒரு புதர்கூட இல்லாத சிமென்ட். அதை அது தாண்டுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

மேட்டுக்கு வரும் அடி என்றேனே, அது ஜேசிபி. சீமைக் கருவேலத்தை அகற்றுவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, அது எடுபட வேண்டிய மரம். ஆனால் வாளியை இறக்கி வரப்போடு சுரண்டினால் கருவேலம், சங்கு, உகா, ஆதொண்டை எல்லாம் ஒரே குவியல். வேலை ஆரம்பிக்கிற முதல் நாள் காலையில் போய், சிவப்புத் துணிக் கிழிசலைப் பெரிய சங்குப் புதர்களில் கட்டிவிட்டு, ஆபரேட்டருக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னேன்.

“எல்லாம் முள்ளுதான சார்? எத வுடச் சொல்ற?”

“துணி கட்டுனத மட்டும் உட்டுடுங்கண்ணா. மீதிய எடுத்துக்கங்க.”

“மருந்துச் செடியா?”

“ஆமாண்ணா, மருந்துச் செடி.” பட்டாம்பூச்சி என்றால் சிரித்திருப்பார். பெரியம்மா சொன்னதை வைத்துப் பார்த்தால் பொய்யும் இல்லை.

பெரும்பாலும் விட்டுவிட்டார். வாளி எட்டாத சரிவில் கத்தியால் வெட்டிய சில புதர்கள் தரைமட்டமாகப் போயின, ரயில் பாதைப் பக்கத்தில் துணி கட்டாத ஒரு நீளம் முழுசாகப் போனது. மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். வெட்டுப்பட்ட சங்கு அடிவேரிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்த்திருந்தது. பெண் பூச்சிகள் முற்றின புதர்களை விட்டுவிட்டு அந்தக் கொழுந்தில்தான் அதிகமாக முட்டை வைத்திருந்தன. எனவே வருஷத்துக்கு ஒருமுறை வெட்டுவதால் இந்தச் செடிக்கு நஷ்டமில்லை, வேரைப் பெயர்க்காத வரைக்கும். வேரோடு சுரண்டிய ரயில் பாதைப் பக்கத்தில் கருவேலம் மட்டும் மறுபடி முளைத்திருந்தது.